மறதிக்கு முன்னால் வரும் மந்தம்

"அப்பாவுக்கு மறதியெல்லாம் இல்லை. ஆனா முன்னே மாதிரி இல்லை." வீட்டில் முதியவர் இருக்கும் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பெயர்கள் ஞாபகம் இருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகிறது. பென்ஷன் பணத்தை எண்ணி, மளிகைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பவர் இப்போது பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சையும் விட்டுவிடுகிறார். செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறார், பக்கம் திரும்புவதில்லை. நடை சின்னச் சின்ன அடிகளாகக் குறுகிவிட்டது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது.

இந்த முடிவை அவசரப்பட்டு ஏற்காதீர்கள். இப்படிப்பட்ட மந்தத்துக்குப் பின்னால் பல நேரங்களில் மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் பழுதாகி இருக்கின்றன. அவற்றைப் பழுதாக்குவதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. டிமென்ஷியா எனப்படும் மறதிநோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. பிரஷருக்கு மருந்து இருக்கிறது, விலை குறைவு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுப் பெரியவரின் ஞாபகத்தைப் பற்றிக் கவலைப்படும் குடும்பம் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூளைக்குப் போகும் ரத்தம்

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி ரத்தம் அதற்குப் போய்ச் சேர வேண்டும். தசைகள் தங்களுக்கென்று கொஞ்சம் சர்க்கரையைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மூளையிடம் சொல்லிக்கொள்ளும்படி சேமிப்பு எதுவும் கிடையாது. ரத்த ஓட்டம் நின்றால் சில வினாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் செல்கள் இறக்கத் தொடங்கும்.

கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு என நான்கு தமனிகள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. மண்டைக்குள் நுழைந்ததும் அவை மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் இந்த வளையத்தை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஒரு பக்கத் தமனி அடைபட்டாலும் மறுபக்கத்து ரத்தம் வந்து ஓரளவு ஈடுகட்டும்படி இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு அது. வளையத்தைத் தாண்டி மூளையின் ஆழத்துக்குள் இறங்கும் நுண்குழாய்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்துக் குழாயோடு இணைப்பும் அநேகமாகக் கிடையாது. ஒன்று அடைபட்டால் அதை நம்பியிருந்த பகுதி அழிந்துவிடும்.

அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது? மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் இருக்கின்றன. திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் பொறுப்பு. அதை மற்ற இடங்களோடு சேர்த்து வைப்பவை இந்த இழைகள். இவை சிதைந்தாலும் சேமித்து வைத்த தகவல் இருந்த இடத்திலேயே இருக்கும்; வெளியே வந்து சேரத்தான் தாமதமாகும். பெயரெல்லாம் ஞாபகம் இருக்கிறது, பதில்தான் மெதுவாக வருகிறது என்பதற்கு உடற்கூறு தரும் விளக்கம் இது.

இனி இதயத்துக்கு வருவோம். மூளையில் நடக்கும் சேதம் பெரும்பாலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியில் தொடங்குகிறது. இதயம் விட்டுவிட்டுத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது. இளவயதில் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, பிறகு சுருங்கி, அந்த வேகத்தைத் தன் சுவரில் வாங்கிக்கொண்டு, ரத்தத்தைச் சீராக அனுப்புகிறது. சுவரில் இருக்கும் எலாஸ்டின் என்ற நாருக்கு இந்த நெகிழ்ச்சி சொந்தம். வாழ்க்கையின் தொடக்கத்தில் உருவாகும் அந்த நாரை உடல் பிற்பாடு ஏறக்குறைய புதுப்பிப்பதே இல்லை. வருஷங்கள் போகப் போக அது நைந்து, அந்த இடத்தில் விறைப்பான கொலாஜன் சேருகிறது. உயர் அழுத்தமும் சர்க்கரையும் புகையும் இதை விரைவுபடுத்துகின்றன. தோட்டத்து ரப்பர் குழாய் இருந்த இடத்தில் இரும்புக் குழாயைப் பொருத்தியது போல, மோட்டாரின் ஒவ்வொரு உதையும் குறையாமல் மறுமுனை வரை போகிறது.

இந்த விறைப்பை அளக்கவும் முடியும். ஒரு நாடித்துடிப்பின் அலை தமனி வழியே எவ்வளவு வேகமாகப் பயணம் செய்கிறது என்று பார்ப்பார்கள். இளைஞருக்கு வினாடிக்கு 5, 6 மீட்டர் இருக்கும் அந்த வேகம், விறைத்த தமனியில் 10 மீட்டரைத் தாண்டும். உடலின் பல உறுப்புகள் தங்கள் வாசலிலேயே இந்த உதையைத் தடுத்துவிடும். மூளையும் சிறுநீரகமும் அப்படிச் செய்வதில்லை. ஓய்வு ஒழிவில்லாமல் ஏராளமான ரத்தம் தேவைப்படுவதால் அவை கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. உதை நேராக நுண்குழாய் வரை போய் மோதுகிறது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகர முதியோரிடம் நடந்த ஆய்வு 2011இல் இந்தத் தொடர்பைக் காட்டியது: பெருந்தமனி விறைத்து, கழுத்துத் தமனியில் துடிப்பின் வேகம் கூடியவர்களுக்கு மூளையின் நுண்குழாய்ச் சேதமும் கூடுதலாக இருந்தது, நினைவுத் தேர்வுகளில் மதிப்பெண்ணும் குறைந்தது.

மோதலைத் தாங்க நுண்குழாயின் சுவர் தடிக்கிறது. உள்வழி குறுகுகிறது. சுவரில் கசிவும் உண்டாகிறது. கடைசியில் சில இடங்களில் மிளகளவு, கடலையளவு திசு அழிந்து குழியாகிறது. கை கால் விழாது, வாய் கோணாது, வலி இருக்காது. பெரிய பக்கவாதம் மாதிரி எந்த அறிவிப்பும் இல்லாமல் இது நடந்துவிடுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், ஸ்கேனில் மட்டுமே தெரிந்த இப்படிப்பட்ட மௌனப் பக்கவாதம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் ஆபத்து இரு மடங்குக்கும் மேல் இருந்தது. 2003இல் வெளியான முடிவு அது.

அல்சைமர் நோய் இதிலிருந்து வேறு அல்லவா என்று கேட்கலாம். வேறுதான். ஆனால் முதிய மூளையில் இரண்டும் ஒன்றாகவே குடியிருப்பது சகஜம். அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளிடம் டேவிட் ஸ்னோடன் நடத்திய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் இறந்த பிறகு மூளையைத் தானம் செய்யச் சம்மதித்திருந்தார்கள். 1997இல் வெளியான முடிவின்படி, மூளையில் அல்சைமர் மாற்றங்கள் நிரம்ப இருந்தும் உயிரோடு இருந்தவரை தெளிவாகவே வாழ்ந்தவர்கள் உண்டு. அதே அளவு மாற்றங்களோடு ஆழ்ந்த பகுதியில் ஒன்றிரண்டு சிறு குழிகளும் சேர்ந்தவர்களுக்கு டிமென்ஷியா வெளிப்பட்டிருந்த வாய்ப்பு பல மடங்கு கூடுதல். அல்சைமர் மாற்றத்தை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். அதன் மேல் விழும் இரண்டாவது அடியைத் தடுக்கலாம். இந்த நூலில் நீங்கள் ஒரே ஒரு ஆய்வை மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எதைக் கவனிப்பது

அல்சைமர் வகை மறதியில் புதிய நிகழ்ச்சி பதிவதே இல்லை. எடுத்துக் கொடுத்தாலும் வராது. ரத்தக்குழாய் வகையில் பதிவு இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். "காலையில யாரு வந்தாங்கப்பா?" என்று கேட்டால் யோசிப்பார், விழிப்பார். "சேலத்துல இருந்து..." என்று எடுத்துக் கொடுங்கள். "ஆமா, உங்க சித்தப்பா வந்தான்ல" என்று பதில் வந்துவிடும். இது நோயை நிர்ணயிக்கும் பரிசோதனை ஆகாது; மருத்துவரிடம் சொல்வதற்கு ஒரு நல்ல தகவல்.

அடுத்தது நடை. கூடத்தில் 4 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, கைப்பேசியில் நேரம் பாருங்கள். மூட்டுவலி போன்ற காரணம் எதுவும் இல்லாமல் 5 வினாடிக்கு மேல் ஆனால் அது மெதுவான நடை. பேசிக்கொண்டே நடக்கச் சொன்னால் நின்றுவிடுகிறாரா என்றும் பாருங்கள். நடையும் சிந்தனையும் அதே நரம்பிழைகளைப் பகிர்ந்துகொள்வதால் இரண்டும் சேர்ந்தே மெதுவாகின்றன. சிறுநீரை அடக்க முடியாமல் அவசரமாக ஓடுவதும் இதோடு சேர்ந்து வரலாம். வெட்கத்தால் பெரியவர்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. நாம்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும்.

குடும்பங்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் அறிகுறி, ஆர்வம் வற்றிப்போவது. கோயிலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். பேரப்பிள்ளை வந்தாலும் நாற்காலியை விட்டு எழமாட்டார். சோம்பல், பிடிவாதம், கோபம் என்றெல்லாம் பெயர் வைத்துத் திட்டுகிறோம். ஒரு செயலைத் தொடங்கிவைக்கும் பாதை மூளையில் பழுதாகியிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. தயவுசெய்து திட்டாதீர்கள். "குளிக்கப் போங்க" என்பதைவிட, துண்டை எடுத்துக் கையில் கொடுத்துக் கூட நடப்பது வேலை செய்யும்.

எல்லா மந்தமும் ரத்தக்குழாயால் வருவதில்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் பழைய வகை மாத்திரைகள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. முதல் முறை மருத்துவரிடம் போகும்போதே இவற்றுக்கான பரிசோதனையையும் கேளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ இந்த யோசனையெல்லாம் வேண்டாம், உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

பிரஷரை ஒழுங்காக அளப்பது

இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான பகுதி இது. கிளினிக்கில் மாடி ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுக்கும் ஒற்றை அளவை வைத்து ஒருவரின் மூளையைக் காப்பாற்ற முடியாது.

மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை. பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார வைக்காதீர்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, வெறுங்கையில் எடுங்கள். எடுக்கும்போது யாரும் பேச வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்னால், மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு நாள். முதல் நாள் அளவைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85 என்பது கிளினிக்கில் 140/90க்குச் சமம்.

முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலோ அந்தக் கைதான் இனி. மேல் எண்ணில் 15க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு கைக்குப் போகும் தமனி குறுகியிருக்கலாம்.

அடுத்து, பலர் செய்யாத ஒன்று: நின்றபடி அளப்பது. உட்கார்ந்த அளவை எடுத்ததும் எழுந்து நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போதெல்லாம் மூளைக்குப் போகும் ரத்தம் குறையலாம் என்று அர்த்தம். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இதற்காக நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எழுதிய எண்களிலேயே தமனியின் விறைப்பும் கொஞ்சம் தெரியும். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். 150/70 என்றால் வித்தியாசம் 80. முதியவரிடம் இது 60ஐத் தாண்டினால் பெருந்தமனி விறைத்திருக்க வாய்ப்பு அதிகம். "கீழ் பிரஷர் நார்மல்தானே" என்று ஆறுதல்படும் வழக்கத்தை விடுங்கள். வயதான காலத்தில் மேல் எண்தான் பேசுகிறது. நாடி ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு அடித்தால் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறாக இருந்தால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும். அதற்கான மருந்து தனி.

எவ்வளவு குறைக்கலாம்

முதியவருக்கு 150, 160 இருக்கலாம், அதற்குமேல் குறைத்தால் மூளைக்கு ரத்தம் போகாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. 50 வயதைத் தாண்டிய, சர்க்கரை நோயோ முந்தைய பக்கவாதமோ இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு மேல் எண்ணை 140க்குக் கீழே வைக்க முயன்றார்கள். மறுபாதிக்கு 120க்குக் கீழே. 2019இல் வெளியான முடிவில், கூடுதலாகக் குறைத்தவர்களிடம் டிமென்ஷியாவுக்கு முந்தைய நிலையான லேசான அறிவுக்குறைவு 19 சதவீதம் குறைந்திருந்தது. டிமென்ஷியாவும் குறைவாகவே தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆய்வு திட்டமிட்டதைவிட முன்னதாகவே நிறுத்தப்பட்டிருந்தது. முன்பு சொன்ன நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியின் சேதமும் ஸ்கேனில் மெதுவாகவே வளர்ந்திருந்தது. அங்கே அளவெடுத்தது மேலே சொன்னதுபோல அமைதியான முறையில் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வு. 326 கிராமங்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாத ஏறத்தாழ 34,000 பேர். பாதிக் கிராமங்களில் கிராம வைத்தியப் பணியாளர்களே, மருத்துவர்களின் மேற்பார்வையில், மாத்திரை கொடுத்து, வீட்டில் அளக்கச் சொல்லிக்கொடுத்து, 130/80க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. 2025இல் இது வெளியானது. பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த ஊசியோ அங்கே இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் உங்கள் வாசலுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தரும்போது, அது இதயத்துக்கு மட்டுமான சேவை என்று நினைத்துவிட வேண்டாம்.

80 வயதைக் கடந்தவர், தளர்ந்துபோனவர், அடிக்கடி விழுபவர் ஆகியோருக்கு இலக்கை மருத்துவர் தளர்த்துவார். அது சரியே. மற்றவர்களுக்கு 130க்குப் பக்கத்தில் வைப்பது இன்றைய பொதுவான போக்கு. எந்த மாத்திரை என்று அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் என்று வகைகள் வேறானாலும் எண்ணைக் குறைத்தால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். விடாமல் சாப்பிடுவதுதான் முக்கியம். "நார்மலாயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்பது தினமும் கேட்கிற வார்த்தை. மாத்திரையால்தான் அது நார்மலாக இருக்கிறது. உண்மையான பிரஷரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் போகிற அன்று மாத்திரையைத் தவிர்ப்பதும் தவறு. அமாவாசை, கிருத்திகை விரத நாளிலும் பிரஷர் மாத்திரை உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நேராக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூன்று மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் வீட்டில் வலி மாத்திரை அட்டை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஞாபக மாத்திரையும்

எம்ஆர்ஐ எடுத்த முதியவர் பலரின் ரிப்போர்ட்டில் நுண்குழாய்களில் நாள்பட்ட ரத்தக்குறைவு மாற்றங்கள் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்துக் கலங்கிப்போகும் குடும்பமும் உண்டு, வயதுக்கு ஏற்றது என்று மடித்து வைக்கும் குடும்பமும் உண்டு. லேசான மாற்றம் அறுபதைத் தாண்டிய பெரும்பாலோரிடம் இருக்கும். எவ்வளவு, எங்கே, பழைய ஸ்கேனைவிடக் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையும், கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் நுண்குழாய்களின் நிலையைப் பற்றி இன்னும் தகவல் தரும். சிறுநீரகத்தில் கசியும் குழாயும் மூளையில் நைந்துபோகும் குழாயும் ஒரே உதையைத்தான் வாங்குகின்றன.

ரிப்போர்ட் வந்ததும் நீங்களாக ஆஸ்பிரின் தொடங்காதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 ஆரோக்கியமான முதியவர்களிடம் நடந்த ஆய்வில் தினசரி ஆஸ்பிரின் டிமென்ஷியாவைக் குறைக்கவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் கதை வேறு, அவர்கள் அதை நிறுத்தக் கூடாது. ஜிங்கோ இலைச்சாறு ஞாபகத்தைக் காக்கும் என்ற விளம்பரத்தையும் விட்டுவிடலாம். அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் பரிசோதித்து 2008இல் வந்த முடிவு, பயனில்லை என்பது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மறதியை உண்டாக்கும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. 70 முதல் 82 வயது வரையிலானவர்களிடமே நடந்த பெரிய ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஞாபகம் கூடவும் இல்லை. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்கத்தான் அது தரப்படுகிறது. அந்தக் காரணமே போதும்.

எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் சேர்த்து எடுக்கும் கழுத்துத் தமனி டாப்ளர் ஸ்கேனும் எல்லோருக்கும் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பிரஷர் கருவி வாங்கலாம்.

உப்பு, சர்க்கரை, நடை

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. சுமார் ஒரு தேக்கரண்டி. சமையல் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், மிக்சர் எல்லாவற்றையும் பழையபடி வைத்தால் கணக்கு உதைக்கும். தயிர்சாதத்துக்கும் மோருக்கும் உப்பு போடாமல் தொடங்குங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு சீனாவில் நடந்த பெரிய ஆய்வில் பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கும், டெல்மிசார்ட்டன் வகை அல்லது ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்கும் பொட்டாசியம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. கேட்காமல் வாங்காதீர்கள்.

சர்க்கரையில் எதிர்பாராத ஒரு பாடம் இருக்கிறது. முதியவருக்கு மிக இறுக்கமாகக் குறைப்பது மூளையைக் காப்பாற்றவில்லை என்பது அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவதுதான் மூளைக்குக் கேடு. சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பிஏ1சி அளவு எவ்வளவு இருந்தால் போதும் என்பதை வயதையும் தளர்ச்சியையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். புகையிலை பற்றிப் பேரமே இல்லை. புகைப்பதும், வெற்றிலையோடு மெல்லுவதும் நிற்க வேண்டும்.

நடை மருந்துதான். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில். அதிகாலை இருட்டில் தனியாக அனுப்பாதீர்கள். துணைக்கு ஆள் கிடைத்தால் பேச்சும் கிடைக்கும். பின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சர்க்கரைக் கண்காணிப்பு நான்கையும் ஒன்றாகச் செய்து பார்த்தார்கள். இரண்டே ஆண்டில், சும்மா ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் கூடுதலாக முன்னேறியிருந்தது. எதைத் தனியாகச் செய்தாலும் இந்தப் பலன் கிடைத்திருக்குமா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் சேர்த்தே செய்யுங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கு

இந்த நூலை வாங்கும் பெரும்பாலோருக்கு வயது நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கும். அப்பாவுக்காக, அம்மாவுக்காக, மாமியாருக்காகப் படிக்கிறீர்கள். லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வின் 2018ஆம் ஆண்டு முடிவு உங்களைப் பற்றியது. 50 வயதில் மேல் எண் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் ஆபத்து கூடுதலாக இருந்தது. நடுவில் மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களுக்கும் அப்படியே. 60, 70 வயதில் அளந்த அளவுக்கு அதே தொடர்பு தெரியவில்லை. உங்கள் முதுமையின் தெளிவு கணிசமாக இந்தப் பத்தாண்டில்தான் தீர்மானமாகிறது.

பெரியவருக்கு அளந்து முடித்ததும் உங்கள் கையிலும் பட்டையைக் கட்டுங்கள். ஒரு வாரச் சராசரியில் மேல் எண் 130ஐத் தாண்டினால் தலைவலி, மயக்கம் என்று அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அந்த அறிகுறி வருவதே இல்லை.